சங்கரா மீனில் தொடங்கி தொப்புள்கொடி வரை: உடம்புப் பாடத்தை வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

காசிமேட்டில் என் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மீன் ஆயத் தெரியும். செவுளைப் பிய்ப்பது, குடலை ஒரே இழுப்பில் எடுப்பது, சினை உடையாமல் தனியாக எடுத்துவைப்பது எல்லாம் பத்து வயதுக்குள் கைவந்துவிடும். அதே பிள்ளை புத்தகத்தைத் திறந்து 'உறுப்பு மண்டலங்கள்' என்ற தலைப்பைப் பார்த்ததும் திருதிருவென்று விழிக்கும். நேற்று மாலை கையில் பிடித்த அதே பொருள்தான் படமாக வந்திருக்கிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனப்பெருக்கப் பாடத்தை எடுத்தபோது நேராக மனித உடல் படத்தைப் பலகையில் வரைந்தேன். பையன்கள் குனிந்து சிரித்தார்கள். பெண் பிள்ளைகள் நோட்டை மூடிக்கொண்டார்கள். மறுநாள் ஒரு அம்மா வந்து, "இதெல்லாம் எதுக்கு மிஸ் இப்ப?" என்று கேட்டுவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் படித்த பள்ளியிலும் அந்தப் பாடம் வந்தபோது, "நீங்களே படிச்சுக்குங்க, பரீட்சைக்குப் படம் மட்டும் வரும்" என்று சொல்லித் தாண்டிப் போனார்கள். தவறு நான் எடுத்த வரிசையில் இருந்தது. மீனில் தொடங்கி, பூவைப் பிரித்து, நண்டைத் திருப்பிப் பார்த்து, அதன் பிறகு மனிதருக்கு வந்தால் அதே பிள்ளைகள் அசராமல் கேட்கிறார்கள். அந்த வரிசைதான் இந்த வழிகாட்டி. அம்மா, அப்பா, வீட்டில் மூத்த அக்கா, என்னைப் போல மொட்டை மாடியில் டியூஷன் எடுப்பவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம். சின்னப் படிகளைச் சேர்த்து எடுத்தால் ஆறு வாரம், வாரத்துக்கு ஒரு ஞாயிறு போதும்.

படி 1: ஒரு சங்கராவை அறுங்கள்

அரைக் கிலோ சங்கரா வாங்குங்கள். "ஆய வேணாம்க்கா, அப்படியே குடு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சோடு பேச்சாகக் குடலை எடுத்துப் போட்டுவிடுவார், நம் பாடம் பூனைக்குப் போய்விடும். பழைய செய்தித்தாள், சின்னக் கத்தரிக்கோல், ஒரு தட்டு. அவ்வளவுதான் ஆய்வுக்கூடம்.

மீனைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வயிற்றின் அடியில், வாலுக்கு முன்னால் கழிவுத் துளை இருக்கும். அங்கே கத்தரிக்கோலின் நுனியை நுழைத்துத் தாடை வரை வெட்டுங்கள். நுனியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்தபடி வெட்டினால் உள்ளே எதுவும் கிழியாது. பிறகு ஒரு பக்கத்துச் சதையைக் கதவு திறப்பதுபோல மடித்துவிடுங்கள்.

முதலில் செவுள். மூடியைத் தூக்கினால் சீப்புப் போலச் சிவப்பாக அடுக்கடுக்காக இருக்கும். ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவு, எண்ணச் சொல்லுங்கள். ஏன் இத்தனை சிவப்பு? தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அந்த மெல்லிய தோல் வழியாக இரத்தத்துக்குள் போகும் இடம் அதுதான். சுவாச மண்டலம் முடிந்தது. செவுளுக்குச் சற்றுக் கீழே, தொண்டைக்குழி மாதிரியான இடத்தில், முக்கோணமாக ஒரு சின்னச் சிவப்புத் துண்டு. அது இதயம். மீனுக்கு இரண்டே அறை. அடுத்து கல்லீரல், இரைப்பை, குடல். இரைப்பையைக் கீறிப் பாருங்கள், சில நேரம் முழுசாக ஒரு குட்டி இறால் கிடைக்கும், வகுப்பே கூச்சல் போடும். முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு காற்றுப்பை. அது மீன் மிதப்பதற்கு. நமக்கு அது கிடையாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். காற்றுப்பையை எடுத்ததும் முதுகெலும்பின் அடியில் நீளமாகக் கருஞ்சிவப்பில் ஏதோ ஒட்டியிருக்கும். மீன் கழுவும்போது கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுப்போமே, அதேதான். பிள்ளைகளைக் கேட்டால் எல்லோரும் "ரத்தக்கட்டி" என்பார்கள். அது சிறுநீரகம். வருடக்கணக்கில் தினமும் சுரண்டி எறிந்ததற்கு ஒரு பெயரும் வேலையும் இருக்கிறது என்று தெரியும்போது முகத்தில் வரும் மாற்றத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சினை. மஞ்சளாக மணி மணியாக இருந்தால் பெண். வெள்ளையாக வழவழவென்று இருந்தால் ஆண், அது விந்துச் சுரப்பி. இந்த வாரம் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம். நோட்டில் 'பார்த்தது', 'அதன் வேலை' என்று இரண்டு பத்தி போட்டு எழுதச் சொல்லுங்கள். செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு, ஒரே வேலைக்காகச் சேர்ந்த உறுப்புகள் ஒரு மண்டலம் என்ற வரையறையைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் எழுதினால் அது மனப்பாடமாக மட்டும் நிற்கும். மீன் குழம்புக்கு.

படி 2: ஆட்டுக்கறிக் கடையில் நுரையீரலும் இதயமும்

மீனுக்கு இல்லாதது நுரையீரல். கறிக்கடையில் கேட்டால் மூச்சுக்குழாயோடு முழுசாகத் தருவார்கள். குழாய்க்குள் சைக்கிள் பம்பின் ரப்பர் முனையை நுழைத்து, விரலால் இறுக்கிப் பிடித்து, மெதுவாகக் காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், பச்சைக் கறி. சுருங்கிக் கிடந்த அந்தச் சதை வெளிறி, உப்பி, இரண்டு மடங்காகும். கையை எடுத்தால் தானாகச் சுருங்கும். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். ஈரலில் ஒரு துண்டைப் போடுங்கள், மூழ்கும். நுரையீரலுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மனித நுரையீரலில் 30 கோடிக்கும் மேல் காற்று நுண்ணறைகள் உண்டு. ஒவ்வொன்றையும் சுற்றி நூலைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள். செவுளில் தண்ணீரிடமிருந்து நடந்த பரிமாற்றம் இங்கே காற்றிடமிருந்து நடக்கிறது. வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. இதயத்துக்கு இடம் விட வேண்டுமே. உப்ப வைப்பது நுரையீரலே இல்லை என்பதையும் சொல்லுங்கள். அதற்குச் சொந்தத் தசை கிடையாது. கீழே உள்ள உதரவிதானம் இறங்கி, விலா எலும்புகள் விரிந்தால் காற்று தானாக உள்ளே வரும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் கூடுதலாக ஒன்று சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர்ப் பெரியகுப்பம் பக்கம் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து, கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் ஜனங்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஏன் முதலில் கண், மூக்கு, தொண்டை? அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், கரைந்தால் அரிக்கும். உடம்பில் ஈரம் இருக்கும் இடத்தில்தான் அது முதலில் பிடிக்கும். அதனால்தான் ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டு காற்றடிக்கும் திசைக்குக் குறுக்கே விலகிப் போகச் சொல்கிறார்கள். மூக்கு முடி, சளி எல்லாம் தூசியைப் பிடிக்கும், வாயுவை முழுசாகத் தடுக்காது. மணலி, எண்ணூர் பக்கம் வளரும் பிள்ளைக்கு இது ஐந்து மதிப்பெண் கேள்வியைவிட முக்கியம்.

இதயத்துக்கு வருவோம். ஆட்டு இதயத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் நான்கு அறை தெரியும். மேலே இரண்டு ஏட்ரியம், கீழே இரண்டு வென்ட்ரிக்கிள். ஒரு பக்கத்துச் சுவர் மற்றதைவிட மூன்று மடங்கு தடிமனாக இருக்கும். அது எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இடப்பக்கம். வலது பாதி பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது, இடது பாதி கால் பெருவிரல் வரை அனுப்ப வேண்டும். உடம்பில் மொத்தம் சுமார் 5 லிட்டர் இரத்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு ஏறக்குறைய அந்த 5 லிட்டரும் இதயம் வழியே ஒரு சுற்று வந்துவிடும்.

மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் மற்ற இரண்டு விரலை வைத்து 15 நொடிக்கு நாடியை எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு நிமிடம் ஸ்கிப்பிங், மறுபடி எண்ணல். எங்கள் தெருவில் பாக்ஸிங் பழகும் பிள்ளைகள் இருவர் உண்டு. அவர்களுக்கு நாடி மெதுவாகவே தொடங்கும், ஏறினாலும் சீக்கிரம் இறங்கிவிடும். பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் அதிக இரத்தம் தள்ளும், அதனால் குறைவாகத் துடித்தாலே போதும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீலநிற இரும்புச்சத்து மாத்திரையையும் இங்கேயே பேசிவிடுங்கள். சிவப்பணு ஒன்றின் ஆயுள் சுமார் 120 நாள். புதிதாகச் செய்ய இரும்பு வேண்டும். வாந்தி வருகிறது என்று ஜன்னலுக்கு வெளியே வீசும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும்.

படி 3: ஒரு தட்டு அத்தோ போகும் வழி

செரிமானத்துக்குப் படம் தேவையில்லை. பீச் ஸ்டேஷன் எதிரே ஒரு தட்டு அத்தோ வாங்கி, அதன் பயணத்தைக் கதையாகச் சொல்லுங்கள். நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், எண்ணெய், புளித்தண்ணீர், கூடவே முட்டை. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே தட்டில். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் நமக்குக் கொடுத்த பாடநூல் என்றே சொல்வேன்.

வாயில் வைத்ததும் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் நூடுல்ஸின் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும். நிரூபிக்க, ஒரு வாய் வெறும் சோற்றை 40 தடவை மென்று பார்க்கச் சொல்லுங்கள், லேசாக இனிக்கும். அப்புறம் உணவுக்குழாய், சுமார் 25 சென்டிமீட்டர். தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குத்தான் போகும், ஏனென்றால் குழாயின் தசைகள் பிசைந்து தள்ளுகின்றன. (இதைச் சொன்ன மறுநாள் ஒருவன் சுவரில் கால் வைத்து நின்று செய்து பார்த்தான். தண்ணீர் வைத்துச் செய்ய வேண்டாம் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.) இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் புரதத்தை உடைக்கும் பெப்சினும் சேர்ந்து முட்டையைப் பிடித்துக்கொள்ளும். சில மணி நேரம் அங்கே கடையல்.

பிறகு சிறுகுடலின் முதல் பகுதி. எண்ணெய்க்கு அங்கேதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. கல்லீரல் செய்து பித்தப்பை சேமித்துவைத்த பித்தநீர் வந்து, எண்ணெயைச் சின்னச்சின்னத் துளிகளாக உடைக்கும். சோப்பு போட்ட எண்ணெய்ச் சட்டியைக் காட்டினால் போதும். கணையநீர் மிச்ச வேலையைப் பார்க்கும். சிறுகுடலின் நீளம் சுமார் 6 மீட்டர். வலைக் கயிறு ஒன்றை 6 மீட்டருக்கு அளந்து, ஒரு பிள்ளையை நிறுத்தி, "இது இவன் வயித்துக்குள்ள" என்று சுருட்டிக் கொடுங்கள். அத்தனை நீளமும் போதாதென்று உள்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள். அதற்கு ஒப்புமை போட்டிக் கறியில் இருக்கிறது. துண்டுபோலச் சொரசொரப்பாக ஒரு பகுதி வருமே, அது ஆட்டின் இரைப்பை. உறிஞ்சும் பரப்பு கூடுவதற்காகத்தான் அந்தச் சொரசொரப்பு. நம் சிறுகுடலில் அதே வேலை இன்னும் பொடியாக நடக்கிறது.

முட்டைக்கோஸின் நார் மட்டும் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். அங்கே தண்ணீர் உறிஞ்சப்பட்டு, மிச்சம் வெளியே.

படி 4: பன்னிரண்டு குடம் தண்ணீர்

நம் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் குடத்தில் சொன்னால்தான் புரியும். லாரி வந்தால் ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்று விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் அவர்கள். ஒரு பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், அதாவது 12 குடம். சிறுநீராக வெளியே போவது ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர்தான். மிச்சம் எங்கே போயிற்று? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.

2010 முதல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே கடல்நீரை அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள். சிறுநீரகமும் அழுத்தத்தால்தான் வடிகட்டுகிறது, இதயம் கொடுக்கும் அழுத்தம் அது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் நெஃப்ரான் என்னும் நுண்ணிய வடிகட்டிகள் சுமார் 10 லட்சம். ஆனால் சிறுநீரகத்தின் சாமர்த்தியம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. முதலில் எல்லாவற்றையும் வெளியே கொட்டிவிட்டு, சர்க்கரை, உப்பு, தண்ணீர் என்று வேண்டியதைப் பொறுக்கி உள்ளே எடுத்துக்கொள்ளும். வேண்டாத யூரியா போன்றவை மட்டும் போகும். பெட்டியைத் துப்புரவு செய்யும் அம்மா செய்வதும் அதுதானே, எல்லாவற்றையும் தரையில் கொட்டிவிட்டு வேண்டியதை மட்டும் திருப்பி வைப்பார்.

சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. பள்ளிக் கழிவறை சரியில்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குச் சிறுநீர்ப் பாதைத் தொற்று வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இதைப் பாடமாகச் சொன்னால்தான் வீட்டில் பேச்சு எழும்.

படி 5: எலும்பு, நரம்பு, சுரப்பி

இதை ஒரே நாளில் முடித்துவிடலாம். கோழிக்கால் எலும்பைச் சுத்தமாகக் கழுவி வினிகரில் ஐந்து நாள் ஊறப்போடுங்கள்; ரப்பர்போல வளையும். சுண்ணாம்புச்சத்து கரைந்து, நாரான புரதம் மட்டும் மிஞ்சியிருக்கும். எலும்பு இரண்டும் கலந்த கலவை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பெரியவர்களுக்கு 206 எலும்பு. பிறந்த குழந்தைக்கு அதைவிடக் கூடுதல், பல எலும்புகள் வளர வளர ஒட்டிக்கொள்கின்றன.

நரம்பு மண்டலத்துக்கு ஸ்கேல். ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடிக்க, மற்றவர் அடியில் விரலை விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் சுமார் 0.2 நொடி ஆகியிருக்கிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, தண்டுவடம் வழியே கைக்கு உத்தரவு போக அந்த நேரம். கேரம் ஆடும் பிள்ளைகள் இதில் ஜெயிப்போம் என்று மார்தட்டுவார்கள். ஆனால் கேரமில் காய் நகராது. அங்கே வேண்டியது வேகத்தைவிடச் சிறுமூளை தரும் நுணுக்கம். அதைச் சொன்னால் கொஞ்சம் சமாதானம் ஆவார்கள்.

நாளமில்லாச் சுரப்பிகளை மட்டும் சற்று நிறுத்திச் சொல்லுங்கள், அடுத்த பாடத்துக்குப் பாலம் அது. நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பது அட்ரீனலின் வேலை. பாட்டிக்குச் சர்க்கரை வந்தது இன்சுலின் குறைந்ததால், அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாததால். இவையெல்லாம் இரத்தத்தில் போகும் கடிதங்கள். பத்து, பன்னிரண்டு வயதில் மூளையின் அடியிலிருக்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி வேறொரு கடிதம் போடும் என்று சொல்லி, அன்றைய வகுப்பை முடித்துவிடுங்கள்.

படி 6: ஒற்றையாகவே பெருகுபவை

இட்லி மாவு இரவெல்லாம் பொங்குகிறதே, யார் செய்த வேலை? உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருந்த பாக்டீரியாக்கள். ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நான்காகும். வசதியான சூட்டில் சிலவகை பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். 20 நிமிடக் கணக்கில் ஒன்றிலிருந்து தொடங்கி 5 மணி நேரத்துக்குக் கணக்குப் போடச் சொல்லுங்கள். 15 தடவை பிளந்திருக்கும், 32,768 ஆகியிருக்கும். மாவை வெளியே வைத்த வெயில்நாளில் புளிப்பு ஏன் சட்டென்று ஏறுகிறது என்பது கணக்கிலேயே தெரியும்.

பேக்கரி ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்ட் மொட்டு விட்டுப் பெருகும். அதே ரொட்டி நாலாம் நாள் பூத்துப்போனால் அது பூஞ்சையின் ஸ்போர். மொட்டை மாடிப் பெயின்ட் வாளியில் கற்பூரவல்லிக் குச்சி ஒன்றை ஒடித்து நட்டால் அது ஒரு புதுச் செடி. ரணகள்ளி இலையின் ஓரத்திலேயே குட்டி முளைக்கும். இவை எல்லாமே தாயின் நகல். ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சாய்த்துவிடும் என்பதுதான் இந்த வழியின் பலவீனம். இரண்டு பேர் தேவைப்படும் வழி எதற்கு என்று பிள்ளைகளே கேட்க ஆரம்பிப்பார்கள்.

படி 7: பூ, நண்டு, சினை, முட்டை

செம்பருத்தியைப் பிளேடால் நீளவாக்கில் கீறுங்கள். நடுவில் நீண்டிருக்கும் குழாயில் மஞ்சள் பொடியோடு நிற்பவை மகரந்தப் பைகள், ஆண் பகுதி. நுனியில் ஐந்து சிவப்புப் பொட்டு சூல்முடி, பெண் பகுதி. அடியில் பச்சைப் புடைப்பு சூலகம், அதை வெட்டினால் உள்ளே வெள்ளை மணிகளாகச் சூல்கள். மகரந்தம் சூல்முடியில் விழுந்து, அங்கிருந்து ஒரு குழல் கீழே வளர்ந்து சூலைச் சேர்வதுதான் கருவுறுதல். அந்தச் சொல்லை இங்கேயே பழக்கிவிடுங்கள். பூவில் சொல்லிப் பழகிய வாய் மனிதரிடம் வரும்போது தடுமாறாது.

நண்டைத் திருப்பிப் போடுங்கள். வயிற்று மடல் குறுகலாகக் கூராக இருந்தால் ஆண், அகலமாக வட்டமாக இருந்தால் பெண். அந்த அகலம் முட்டைகளைச் சுமக்க. இதை எந்தப் பிள்ளையும் எனக்குச் சொல்லிக்கொடுக்கும், நான் கேட்டுக்கொள்வேன். "ஏன் அகலம்?" என்பது மட்டும் நம் பங்கு.

இப்போது முதல் வாரச் சினைக்குத் திரும்புங்கள். பெரும்பாலான மீன்களில் பெண் முட்டையைத் தண்ணீரில் விடும், ஆண் அதன்மேல் விந்தணுக்களை விடும், உடலுக்கு வெளியே கருவுறும். பெரும்பகுதி வேறு மீன்களுக்கு இரையாகும், அதனால் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் முட்டை. நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாதது இதற்காகத்தான். 2017க்கு முன் அது 45 நாளாக இருந்தது. அப்பா வீட்டில் உட்கார்ந்து வலை பின்னும் அந்த இரண்டு மாதமும் இனப்பெருக்கப் பாடத்தின் ஒரு பக்கம் என்று சொன்னபோது ஒரு பையன், "அப்ப மீனுக்கு லீவு, அப்பாவுக்கு பஞ்சம்" என்றான். மறுக்க முடியவில்லை.

பால்சுறாவை மறக்காதீர்கள். பிள்ளை பெற்ற வீட்டில் புட்டு செய்வதற்கு வாங்குவோமே, அது முட்டை போடாது, வயிற்றில் வளர்த்துக் குட்டி போடும். குட்டிக்குத் தாயோடு கொடித் தொடர்பும் உண்டு. கடல்குதிரையில் முட்டைகளைப் பையில் சுமந்து குஞ்சு வெளிவிடுவது ஆண். ஆமை நூறு முட்டைபோல மணலில் புதைத்துவிட்டுப் போய்விடும். மணல் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம்.

கடை முட்டையில் குஞ்சு வருமா என்று கட்டாயம் கேட்பார்கள். வராது. பண்ணைக் கோழி சேவலோடு சேராமலே முட்டையிடுகிறது. சேவல் சேர்ந்த நாட்டுக்கோழி முட்டையை அடைவைத்தால் 21 நாளில் குஞ்சு. 'கருவுறாத முட்டை' என்ற கருத்து இங்கே பிடிபட்டால் மாதவிடாய் பாதி புரிந்த மாதிரி.

படி 8: மனிதர்

இந்த வாரம் பையன்களையும் பெண்களையும் சேர்த்தே உட்கார வைக்கிறேன். தகவல் இருவருக்கும் ஒன்று. கேள்விகளுக்கு மட்டும் தனித்தனி நேரம். குரலை மாற்றாதீர்கள். இரைப்பையைச் சொன்ன அதே குரலில் கருப்பையைச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பிலேயே வளரிளம் பருவம் பாடம் இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பியுங்கள். குரல் உடைவது, பரு, அக்குள் முடி, மார்பு வளர்ச்சி எல்லாம் அந்தப் பிட்யூட்டரிக் கடிதத்தின் விளைவு. பையன்களுக்கு விந்தகம் விந்தணுவையும் டெஸ்டோஸ்டிரோனையும் தயாரிக்கத் தொடங்கும். அது உடம்புக்கு வெளியே தொங்குவது ஏன்? விந்தணு உருவாக உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு வேண்டும். தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோய் அல்ல என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அதை வைத்துப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் சுவரொட்டிகள் நம் ஊர்ச் சுவர்களில் எத்தனை!

பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் தெருமுனையில் பத்தடி ஃபிளக்ஸ் வைத்து, மாமன் சீர் வரிசையைப் படம் பிடித்துப் போடுகிறோம். தெருவுக்கே சொன்ன சேதியை வகுப்பறையில் குசுகுசுவென்று சொல்வது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். இரண்டு அண்டகங்களில் ஒன்றிலிருந்து மாதம் ஒரு அண்டம் முதிர்ந்து வெளிவரும். அதன் அளவு 0.1 மில்லிமீட்டர், பேனா முள்ளால் வைத்த புள்ளியைவிடச் சிறியது. அது வருவதற்குள் கருப்பையின் உட்சுவர் மெத்தைபோலத் தடித்துத் தயாராகும். கரு வந்து தங்கவில்லையென்றால் மெத்தை கலைந்து இரத்தத்தோடு வெளியேறும். சுழற்சி சராசரியாக 28 நாள், 21 முதல் 35 வரை இயல்பே. தொடக்க வருடங்களில் முன்பின்னாக வரும். ஒரு தடவைக்குப் போகும் இரத்தம் சராசரியாக 30, 40 மில்லிலிட்டர்தான், பார்க்க அதிகமாகத் தோன்றும். அதில் அழுக்கோ தீட்டோ ஒன்றுமில்லை. கையில் கீறினால் வருவதும் அதே இரத்தம்தான். நாட்காட்டியில் தேதியை வட்டமிடும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

கருவுறுதலைச் சீட்டு வைத்துச் சொல்வேன். நீலத்தாளில் 23 சீட்டு, மஞ்சள் தாளில் 23. அப்பாவின் விந்தணுவிலிருந்து பரம்பரைப் பண்புகளைச் சுமக்கும் 23 குரோமோசோம், அம்மாவின் அண்டத்திலிருந்து 23, சேர்ந்தால் 46. ஆணும் பெண்ணும் உடலால் சேரும்போது விந்தணுக்கள் யோனி வழியே கருப்பைக்கும், அங்கிருந்து கருக்குழாய்க்கும் நீந்திப் போகும். பல கோடியில் ஒன்றுதான் அண்டத்துக்குள் நுழையும். பூவில் மகரந்தக் குழல் செய்த வேலையை இங்கே விந்தணுவின் வால் செய்கிறது. கருக்குழாயில் உருவான கரு பிளந்து பிளந்து நகர்ந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கருப்பைச் சுவரில் பதியும்.

சீட்டில் கடைசி ஜோடி முக்கியம். அம்மா எப்போதும் எக்ஸ் மட்டுமே தருவார். அப்பா எக்ஸ் தந்தால் பெண், ஒய் தந்தால் ஆண். பெண் குழந்தை பிறந்ததற்கு மருமகளைத் திட்டும் ஆயாக்களுக்கு இந்தச் சீட்டை வீட்டில் போய்க் காட்டச் சொல்வேன். ஸ்கேன் சென்டர் வாசலில் பாலினம் சொல்வது குற்றம் என்ற பலகை இருக்கும், அந்தச் சட்டம் வந்தது 1994இல்.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 280 நாள், 40 வாரம். நஞ்சுக்கொடி வழியே ஆக்சிஜனும் உணவும் வரும், கழிவு திரும்பிப் போகும். தாயின் இரத்தமும் சேயின் இரத்தமும் நேரடியாகக் கலப்பதில்லை; பக்கத்துப் பக்கத்தில் ஓடிப் பரிமாறிக்கொள்ளும், செவுளில் தண்ணீரும் இரத்தமும்போல. பிள்ளைகளைத் தொப்புளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கொடி விழுந்த தழும்பு அது. என் டியூஷன் பிள்ளைகளில் பலரும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். "அங்கதான் நான் சோறு துன்றத நிறுத்துனேனா?" என்று ஒருத்தி தொப்புளைத் தடவிக்கொண்டே கேட்டாள். கொடி வழியாக வந்த சோறு என்று திருத்தினேன்.

இந்த வகுப்பு முடிவதற்குள் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உடம்பின் பாகங்களுக்குப் பெயர் தெரிந்த பிள்ளையால்தான் தனக்கு நடந்ததைச் சொல்ல முடியும். யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால், அது மாமாவோ வாத்தியாரோ, கத்து, விலகு, நம்பும் ஆளிடம் சொல். சொல்ல ஆளில்லையென்றால் 1098. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

படி 9: பிஸ்கட் டப்பா

வகுப்பின் மூலையில் ஒரு காலி டப்பா வையுங்கள். பெயரில்லாமல் சீட்டு போடலாம். கிண்டலுக்குப் போட்டதையும் நிஜக் கேள்விபோலவே படித்து நிதானமாகப் பதில் சொல்லுங்கள், இரண்டாம் வாரம் கிண்டல் நின்றுவிடும். பதில் தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லி, சுகாதார நிலைய நர்ஸைக் கேட்டு வந்து சொல்லுங்கள். ஆபரேஷன் செய்து பிறந்த குழந்தை பலவீனமா, இரட்டைக் குழந்தை எப்படி, மாதவிடாயில் தலைக்குக் குளிக்கலாமா (தாராளமாகக் குளிக்கலாம்) என்பவை என் டப்பாவில் அடிக்கடி வருபவை.

போன மாதம் ஒரு சீட்டில் இருந்தது: "மனுசங்களுக்கு மாசம் ஒரு முட்டைதான்னா, சங்கரா சினைல எத்தினி?" கேட்டது யார் என்று கையெழுத்திலேயே தெரிந்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஒரு சிட்டிகை சினையை எடைபோட்டு, உப்புத் தண்ணீரில் பிரித்து, குண்டூசியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணலாம், பிறகு மொத்தச் சினையின் எடை அந்தச் சிட்டிகையைப்போல எத்தனை மடங்கோ அதால் பெருக்கிக்கொள்ளலாம் என்றேன். நான்கு பேர் தட்டைச் சுற்றிக் குப்புறப் படுத்து எண்ண ஆரம்பித்தார்கள். எழுநூறைத் தாண்டும்போது ஒருவன் தும்மினான், மறுபடி முதலிலிருந்து. கீழேயிருந்து என் அம்மா, "சினையைக் குடுங்கடி, குழம்பு கொதிக்குது" என்று மூன்றாவது தடவையாகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.